தெருமுனை வரை கேட்கும் சிரிப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் நிச்சயதார்த்தத்தன்று அத்தை மகள் சொன்ன எதையோ கேட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். 'பெண்ணின் சிரிப்பு தெருமுனை வரை கேட்கிறதே' என்றார் மாப்பிள்ளையின் பெரியம்மா. அன்றிலிருந்து, மெதுவாகச் சிரிக்கப் பழகு என்கிறார் அம்மா. நானும் முயன்று பார்க்கிறேன். சிரிப்பின் ஒலியைப் பயிற்சியால் மாற்ற முடியுமா? சிரிப்பு மன்றங்களில் சேர்ந்தால் உதவுமா?

எஸ்., பாபநாசம்

அன்புள்ள எஸ்.,

சிரிப்பு மன்றங்களை விட்டுவிடுங்கள்; உங்கள் சிக்கலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. சில வாரங்களாகவே நான் என் அம்மாவின் சிரிப்பை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

வெளியேறும் மூச்சு துண்டு துண்டாக வெட்டுப்படுவதே சிரிப்பு. சிரிப்பொலிகளைப் பதிவுசெய்து அளந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், ஒரு 'ஹ' தொடங்கி அடுத்த 'ஹ' தொடங்குவதற்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது என்று கண்டார். தாளம் அநேகமாக எல்லோருக்கும் அதுதான். குரலும், முதல் மூச்சு வெடிக்கும் வேகமும், நடுவில் காற்றை உள்ளிழுக்கும் விதமுமே ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஒருவர் களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொள்வார். ஒருவர் குபீரென்று தொடங்குவார். இன்னொருவர் தோள் மட்டும் குலுங்க ஓசையே இல்லாமல் சிரித்து, கடைசியில் துருத்திபோல மூச்சை இழுப்பார். 'கொல்' என்ற சிரிப்பு மட்டும் தனியாளுக்கு வாய்க்காது. அதற்கு ஒரு கூட்டம் வேண்டும்.

இத்தனை நுட்பமாகக் காதுகொடுத்த நாம்தான், உரத்த சிரிப்பைக் குறிக்கும் 'அட்டஹாசம்' என்ற வடசொல்லை வாங்கி, அட்டகாசம் என்று அடாத செயலுக்குப் பெயராக்கினோம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், நகை எனும் சிரிப்பையே முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று அது பிறக்கும் இடங்கள் நான்கையும் சொன்னார். யார் எவ்வளவு உரக்கச் சிரிக்கலாம் என்ற அளவு அந்த நூற்பாவில் இல்லை. அளவு வைத்தது 'பெண் சிரித்தால் போச்சு, புகையிலை விரித்தால் போச்சு' என்ற பழமொழி. வேதாரண்யம் பக்கம் போய்ப் பாருங்கள். இலையை விரித்து உலர்த்தாமல் புகையிலை ஏது? பழமொழியின் முதல் பாதியும் அவ்வளவு பொய்தான். உங்கள் அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன், அவர் பயந்திருக்கிறார். படித்து, வேலைக்கும் போகிற நீங்கள் அந்தப் பயத்துக்குப் பயிற்சி தேடுகிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீடாமங்கலத்துக்கு அருகில் எங்கள் ஊர். வீட்டில் அம்மா சிரித்து நான் கேட்டதே இல்லை. திண்ணையில் தாத்தா இருப்பார்; சிரிப்பு வந்தால் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாள், வளையல் மட்டும் அசையும். சம்பா நடவில் அவள் வேறு ஆள். குனிந்தபடி சிரித்தால் வயிறு மடிந்து மூச்சு சிக்கும் என்பதால், கையிலிருந்த நாற்றுமுடியைச் சேற்றில் போட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றுதான் சிரிப்பாள். கனத்த குரல், முதல் மூச்சு உடைந்து, அடுத்தடுத்த மூச்சு ஏறிக்கொண்டே போய், உச்சியில் விக்கலைப்போல ஓர் இழுப்பு. தண்ணீர் கட்டிய வயல்மீது அது நாலு வரப்பு தாண்டிக் கேட்கும்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருநாள் தாத்தாவோடு வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு வந்தது. தாத்தா நின்றார், அவர் முகமும் தானாக மலர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே வீட்டில் அவள் கையால் சாப்பிட்டவர், என் தோளைத் தொட்டுக் கேட்டார்:

"யாருடா அது, இப்படிச் சிரிக்கிறது?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.