எல்டன் ரிங் 60 எஃப்பிஎஸ்ஸைத் தாண்டவில்லை, புது கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பது ரைசன் 5 5600 ப்ராசசர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடுவது எல்டன் ரிங், டெக்கன் 8, வாலரன்ட். எல்டன் ரிங்கில் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம் என்ற கணக்கு) 60லேயே நிற்கிறது, கடையில் கேட்டால் கார்டு பழசாகிவிட்டது, 60 ஆயிரம் ரூபாய்க்கு ஆர்டிஎக்ஸ் 5070 போடுங்கள் என்கிறார்கள், போடலாமா என்பது கேள்வி. அந்தக் கார்டைப் போட்ட பிறகும் எல்டன் ரிங்கில் உங்களுக்கு 60தான் வரும். 2 லட்சத்துக்கு மேல் போகிற ஆர்டிஎக்ஸ் 5090 போட்டாலும் அதே 60தான்.

ஏனென்றால் அந்த 60 உங்கள் கார்டின் எல்லை கிடையாது, கேமே போட்ட பூட்டு. 2022 பிப்ரவரியில் வெளிவந்த நாளிலிருந்தே பிசியில் எல்டன் ரிங் 60க்கு மேல் ஓடாது, செட்டிங்ஸில் அதைத் திறக்க இடமும் இல்லை. இதை எழுதிய ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2019இல் விட்ட செகிரோவும் அப்படித்தான், 2025இல் வந்த நைட்ரெய்னும் அப்படித்தான். பூட்டைத் திறக்கும் மாட்கள் (கேமை மாற்ற ரசிகர்கள் எழுதுபவை) கிடைக்கின்றன, ஆனால் எல்டன் ரிங்கில் அவற்றைப் போட வேண்டுமானால் ஈஸி ஆன்டி-சீட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை நிறுத்திவிட்டு ஆஃப்லைனில் ஆட வேண்டும். நண்பர்களைக் கூப்பிட்டு பாஸ் அடிப்பவர் என்றால் அது உங்களுக்கு ஒத்து வராது.

இந்தக் காலத்திலும் ஏன் இப்படிப் பூட்டுகிறார்கள் என்று எரிச்சல் வருவது நியாயம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. கேம் என்பது ஒவ்வொரு ஃப்ரேமிலும் இரண்டு வேலை பார்க்கிறது. முதலில் அந்த உலகத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும், பிறகு அதைப் படமாக வரைய வேண்டும். ஒழுங்காக எழுதிய கேம், போன ஃப்ரேமிலிருந்து எத்தனை மில்லி செகண்ட் ஆகியிருக்கிறது என்று பார்த்து அந்த அளவுக்கு மட்டும் உலகத்தை நகர்த்தும். சில கேம்களில் அப்படிப் பார்க்காமல் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு அடி என்று எழுதிவிடுகிறார்கள், அங்கே ஃப்ரேம் கூடினால் உலகமே வேகமாக ஓட ஆரம்பித்துவிடும். 2013இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் ரைவல்ஸ் 30க்குப் பூட்டியிருந்தது, அதைச் சிலர் 60க்குத் திறந்ததும் கார் ஓடியது மட்டுமல்ல, மொத்த கேமும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. டார்க் சோல்ஸ் 2இல் இன்னும் விசித்திரம். கன்சோலில் 30 எஃப்பிஎஸ்ஸுக்காக எழுதிய கணக்கு பிசியில் 60இல் ஓடியபோது, கத்தி ஒரு பிணத்தின் மேல் பட்டு நிற்கிற ஒவ்வொரு ஃப்ரேமையும் தேய்மானமாக எண்ணியதால், ஆயுதங்கள் இரண்டு மடங்கு சீக்கிரம் உடைந்தன. 2014இல் வந்த கேமுக்கு அதை 2015இல்தான் சரிசெய்தார்கள். ஸ்கைரிம்மில் 60க்கு மேல் போனால் மேசை மேல் இருக்கும் தட்டு, ரொட்டி எல்லாம் தானாகத் துள்ளி விழும்.

டெக்கன் 8 கதை வேறு. சண்டை கேம்களில் ஃப்ரேம்தான் அளவுகோல், அங்கே ஜாப் (வேகமான சின்னக் குத்து) என்றால் 10 ஃப்ரேம், அதாவது ஒரு செகண்டில் ஆறில் ஒரு பங்கு. எந்த அடி எத்தனை ஃப்ரேமில் வருகிறது, தடுத்த பிறகு யாருக்கு எத்தனை ஃப்ரேம் மிச்சம் என்று மனப்பாடம் செய்துதான் ஆடுகிறார்கள். அந்தக் கணக்கு உலகம் முழுக்க எல்லா மெஷினிலும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆகவே சண்டை 60இல்தான் ஓடும். இதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆக நீங்கள் ஆடும் மூன்றில் இரண்டு, எவ்வளவு செலவு செய்தாலும் 60க்கு மேல் போகாதவை. மிச்சம் இருப்பது வாலரன்ட். அது லேசான கேம், உங்களிடம் இருக்கும் ப்ராசசரும் கார்டும் சேர்ந்தால் 1080பியில் 144ஐத் தாராளமாகத் தாண்டும். ஆனால் அதை நீங்கள் பார்க்கவே இல்லை, உங்கள் மானிட்டர் செகண்டுக்கு 60 தடவைதான் படத்தை மாற்றுகிறது. கார்டு 200 ஃப்ரேம் வரைந்து கொடுத்தாலும் திரையில் 60தான். (வாலரன்ட்டில் எஃப்பிஎஸ் கூடினால் கிளிக் செய்வதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையிலான தாமதம் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் கொஞ்சம் குறையும் என்பது உண்மை, அதற்காகத்தான் பலர் லிமிட் இல்லாமல் ஆடுகிறார்கள், ஆனால் படம் நடுவில் கிழிந்த மாதிரி தெரியும்.)

எந்த கேமாக இருந்தாலும் காசை எடுப்பதற்கு முன்பு யார் தடுக்கிறார்கள் என்று நீங்களே பார்த்துவிடலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், கூடவே ரிவாட்யூனரும் வரும், இரண்டையும் போட்டு திரை மூலையில் எஃப்பிஎஸ், ஜிபியு (கார்டின் சிப்) எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, ஃப்ரேம் டைம் (ஒரு ஃப்ரேமுக்கு ஆகும் நேரம்) மூன்றும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எஃப்பிஎஸ் 60, 30 என்று ஒரே எண்ணில் ஆணி அடித்தது போல நின்று, ஜிபியு 60, 70 சதவீதத்தில் சும்மா இருந்தால் அது பூட்டு, அல்லது எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டிவைக்கும் விசிங்க் செட்டிங். எண் 47, 52, 44 என்று ஆடிக்கொண்டே ஜிபியு 97, 98 சதவீதத்தில் இருந்தால் கார்டு திணறுகிறது. எண்ணும் ஆடுகிறது, ஜிபியுவும் சும்மா இருக்கிறது என்றால் பெரும்பாலும் ப்ராசசர். இதில் டாஸ்க் மேனேஜரில் சிபியு 35 சதவீதம்தானே என்று நம்பிவிடாதீர்கள், ஆறு கோரில் ஒன்று மட்டும் முழுக்க மாட்டிக்கொண்டு மற்றவை காத்திருந்தாலும் மொத்தக் கணக்கு குறைவாகத்தான் காட்டும். சந்தேகமாக இருந்தால் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கிப் பாருங்கள், அப்போதும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் கார்டு மேல் தப்பு இல்லை.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கரண்ட் போனதும் கேம் 30க்கு இறங்கினால் பயப்பட வேண்டாம், என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் செய்கிற வேலை அது.

எல்டன் ரிங்கில் அவ்வப்போது ஒரு கணம் சிக்கி நின்று பிறகு ஓடுகிறதே, அதற்காவது புது கார்டு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிதாக உதவாது. கேம் சொல்கிற சிபாரிசு கார்டே ஜிடிஎக்ஸ் 1070தான், உங்கள் ஆர்எக்ஸ் 6600 அதைவிட வேகமானது. அந்தச் சிக்கல் கேம் எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது. வெளிவந்த புதிதில், வால்வ் தன்னுடைய ப்ரோட்டானில் (விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) ஒரு திருத்தம் செய்து, கையடக்கமான ஸ்டீம் டெக்கில் பெரிய விண்டோஸ் பிசிகளைவிட அந்தத் திக்கல் குறைவாக இருக்கும்படி செய்துவிட்டது. இத்தனைக்கும் டெக்கின் சிப், உங்கள் கார்டுக்குப் பக்கத்தில் கூட வராது. கேமில் ரே ட்ரேசிங்கை (வெளிச்சத்தையும் நிழலையும் நிஜம் மாதிரி கணக்கிடுவது) ஆன் செய்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள், 2023 மார்ச்சில் வந்த அந்த வசதி எஃப்பிஎஸ்ஸை நன்றாகக் குடிக்கும், அதற்குத் தகுந்த அழகும் கண்ணில் படாது.

சரி, அப்படியென்றால் எதையுமே மாற்ற வேண்டாமா? மானிட்டரை மாற்றுங்கள். நம்மூரில் பத்து பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு 1080பியில் 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ நல்ல ஐபிஎஸ் பேனல் கிடைக்கிறது. ஃப்ரேம் எண்ணிக்கையைப் பார்க்காமல் ஒரு ஃப்ரேமுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தால் இதன் அருமை புரியும். 60 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட், 144 என்றால் 6.9. கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட் குறைகிறது. அங்கிருந்து 240க்குப் போனால் 4.2, அதாவது இன்னும் 2.7 மட்டும்தான் குறைகிறது, ஆனால் அதற்குத்தான் மானிட்டர், கார்டு, ப்ராசசர் மூன்றுக்கும் கொட்டிக் கொடுக்க வேண்டும். போட்டியில் ஆடுகிறவர் இல்லை என்றால் 144, 165 போதும் என்பது என் கருத்து, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாங்கியதும் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. நண்பர்களுக்கு மெஷின் செட் செய்து கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டிவிட்டு மாதக்கணக்கில் 60லேயே ஓட்டிக்கொண்டிருப்பதை. விண்டோஸ் தானாக மாற்றும் என்று நம்ப முடியாது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய் நீங்களே 144ஐத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த அந்த நொடியே டெஸ்க்டாப்பில் மவுசை வட்டமாக ஆட்டிப் பாருங்கள், முன்பு விட்டு விட்டுத் தெரிந்த அம்புக்குறி நெருக்கமாக, ஒரே கோடாக ஓடும். கேமைத் திறக்கவே வேண்டாம், அங்கேயே தெரிந்துவிடும். 144 பட்டியலிலேயே இல்லை என்றால் கேபிளைப் பாருங்கள், எச்டிஎம்ஐக்குப் பதில் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில், அதுவும் மதர்போர்டில் இல்லாமல் கார்டில் மாட்டுங்கள்.

அப்புறம், 60க்குப் பூட்டிய கேமை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடினால் ஒரு சின்னப் பிரச்சினை வரும். 144ஐ 60ஆல் வகுத்தால் 2.4, ஆகவே ஒரு ஃப்ரேம் இரண்டு தடவை நிற்கும், அடுத்தது மூன்று தடவை நிற்கும், கேமராவைத் திருப்பும்போது மெல்லிய நடுக்கம் தெரியும். மானிட்டரில் ஃப்ரீசிங்க் இருந்து ஆன் ஆகியிருந்தால் கார்டு கொடுக்கிற நேரத்தில் மானிட்டர் படத்தை மாற்றிக்கொள்ளும், பிரச்சினை இல்லை. ஃப்ரீசிங்க் இல்லையென்றால் எல்டன் ரிங்கை பார்டர்லெஸ் விண்டோவில் ஆடும்போது விண்டோஸில் 120 ஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், 60 சரியாக இரண்டாகப் பிரியும். இதற்குப் பைசா செலவில்லை.

எல்டன் ரிங்கையும் 120 மாதிரி பார்க்க ஆசை என்றால், ஏஎம்டி டிரைவரிலேயே ஃப்ளூயிட் மோஷன் ஃப்ரேம்ஸ் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் 6000 வரிசைக் கார்டில் வேலை செய்யும். ஸ்டீமில் விற்கும் லாஸ்லெஸ் ஸ்கேலிங் எந்தக் கார்டிலும் ஓடும். இரண்டும் இரண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவில் ஒன்றைத் தானே வரைந்து செருகுகின்றன. கண்ணுக்கு வழவழப்பாக இருக்கும், ஆனால் பட்டனை அழுத்தினால் கேம் கேட்பது பழைய 60 வேகத்தில்தான், கூடவே சின்னத் தாமதமும் சேரும். ஊர் சுற்றும்போது எனக்குப் பிடிக்கும். மலேனியா மாதிரி கடினமான பாஸிடம் போகும்போது அணைத்துவிடுவேன்.

லிமிட் என்றாலே கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தபோது மெனு திரையில் லிமிட்டே இல்லை, சும்மா நிற்கும் படத்தைக் கார்டு முழு மூச்சில் வரைந்துகொண்டே சூடாகியது. ஒரு டெக்ஸ்ட் கோப்பில் இரண்டு வரி சேர்த்து மெனுவை 30க்கும் கேமை 60க்கும் கட்டுங்கள் என்று பிளிஸார்டே சொன்னது. 2021இல் நியூ வேர்ல்ட் பீட்டாவில் சிலரின் ஆர்டிஎக்ஸ் 3090 செத்தே போனது. கார்டில் சால்டரிங் குறை இருந்ததாகப் பிறகு தெரிந்தாலும், அமேசான் உடனே மெனுவுக்கு ஒரு லிமிட் போட்டது. மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் ஆடுகிறவர்கள் தாங்களாகவே லிமிட் வைப்பது நல்லது. 144 மானிட்டர், ஃப்ரீசிங்க் ஆன் என்றால் 141 என்று ரிவாட்யூனரில் வைத்துவிடுங்கள், ஃபேன் சத்தம் இறங்குவது காதிலேயே கேட்கும், வாலரன்ட் ஆட்டமும் சீராக இருக்கும்.

கார்டு மாற்ற வேண்டிய நாளும் வரும். 1440பி மானிட்டருக்குப் போனால், சைபர்பங்க் 2077, ஆலன் வேக் 2 மாதிரி கனமான கேம்களை ரே ட்ரேசிங்கோடு ஆட ஆசைப்பட்டால், உங்கள் 8 ஜிபி கார்டு உடனே மூச்சு வாங்கும். 40 எஃப்பிஎஸ்ஸில் திணறுகிற ஒன்றை நிலையான 60க்குக் கொண்டு வருவது, என்னைக் கேட்டால், காசுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய நிம்மதி. அப்படி வாங்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸையும் (பவர் சப்ளை) கணக்கில் சேருங்கள். ஆர்எக்ஸ் 6600 இழுப்பது 132 வாட், 5070 இழுப்பது 250 வாட், 650 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறார்கள். உங்களிடம் 450 வாட் இருந்தால் அந்த 60 ஆயிரத்தோடு புது எஸ்எம்பிஎஸ் செலவும் சேரும். ப்ராசசரைத் தொட வேண்டாம், 5600 இன்னும் சில காலம் வரும்.

ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை. அந்த 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்கா, எட்டு எட்டாக இரண்டா? ஒன்றுதான் என்றால் வாலரன்ட்டில் எஃப்பிஎஸ் நன்றாகவே குறையும். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் செட்டிங்) ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், அசெம்பிள் செய்த கடையில் பல சமயம் அதை விட்டுவிடுகிறார்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, ஆகவே ஒரே ஸ்டிக்தான் என்றால், ஜோடியாகப் போட அதே அளவு ஸ்டிக் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால், சோதித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.