அலாஸ்கா மூஸ் வேட்டைக்கு 401கே கடனில் முன்பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஒஹாயோவில் வேலை, அமெரிக்கக் குடியுரிமை இருக்கிறது. நண்பர் ஒருவர் பழக்கிவிட்டதில் ஆறு வருடமாக மான் வேட்டைக்குப் போகிறேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அலாஸ்காவில் மூஸ் (மான் இனத்திலேயே மிகப் பெரியது) வேட்டைக்குப் போய்விட வேண்டும் என்று ஆசை. அங்கே ஒரு வழிகாட்டி, இன்னும் 16 மாதத்தில் வரும் செப்டம்பர் சீசனில் பத்து நாளுக்கு 24,000 டாலர் கேட்கிறார். காட்டுக்குள் கொண்டுபோய் விடும் சிறு விமானச் செலவும் அதில் அடக்கம். பாதியை, அதாவது 12,000 டாலரை, இந்த மாதமே கட்ட வேண்டும். அவசர நிதி தனியாக வைத்திருக்கிறேன். அது போகக் கையில் 6,000 டாலர் இருக்கிறது, மாதம் 900 சேமிக்க முடியும். முன்பணத்துக்கு 401கே-யில் (வேலையிடத்து ஓய்வூதியச் சேமிப்பு) கடன் எடுக்கலாமா? வெளிமாநிலத்தார் வழிகாட்டி இல்லாமல் போகவே முடியாது என்று நண்பர் சொல்கிறார். மனைவியின் தம்பி ஆங்கரேஜில் இருக்கிறார், அதனால் தங்குமிடச் செலவு இல்லை. ஆனால் அவர் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை.

பதில்: போகலாம். இந்த 16 மாதத்தில் வேண்டாம், 401கே கடனும் வேண்டாம். (வேட்டை சரியா தவறா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் அதற்குள் போகவில்லை.)

முதலில் நண்பர் சொன்னதைத் திருத்திவிடுகிறேன், ஏனென்றால் அதில் பெரிய தொகை அடங்கியிருக்கிறது. அலாஸ்கா சட்டப்படி வெளிமாநில அமெரிக்கருக்கு வழிகாட்டி கட்டாயம் என்பது பழுப்புக் கரடி, டால் செம்மறி (வெள்ளைக் காட்டுச் செம்மறி), மலையாடு ஆகிய மூன்றுக்குத்தான். அந்த மூன்றுக்குக்கூட வழிகாட்டிக்குப் பதிலாக 19 வயது நிரம்பிய அலாஸ்காவாசியான நெருங்கிய உறவினர் கூட வரலாம், மச்சானும் அந்தக் கணக்கில் சேர்வார். மூஸுக்கு உங்களுக்குக் கட்டாயமே இல்லை. அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டுக்காரர் என்றால்தான் எல்லாப் பெரிய விலங்குகளுக்கும் வழிகாட்டி வேண்டும். ஆக, உரிமம் பெற்ற ஒரு டிரான்ஸ்போர்ட்டர் உங்களை விமானத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பத்து நாள் கழித்து வந்து ஏற்றிக்கொள்வது சட்டப்படி சரி. செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

அப்படியானால் அதையே செய்யுங்கள் என்று சொல்லவில்லை. பல பகுதிகளில் வெளிமாநிலத்தார் சுடும் ஆண் மூஸின் கொம்பு 50 அங்குல அகலமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெற்றிப் பக்கக் கிளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். புதருக்குள் பாதி மறைந்து நிற்கும் விலங்கின் கொம்பைத் தூரத்திலிருந்து பார்த்து 48 அங்குலமா 51 அங்குலமா என்று சொல்வதற்கு வருடக்கணக்கான பழக்கம் வேண்டும். தப்பாகச் சுட்டால் வழக்கு, அபராதம், கொம்பும் இறைச்சியும் பறிமுதல். அப்புறம் இறைச்சி. பெரிய ஆண் மூஸ் 1,600 பவுண்டு வரை இருக்கும். அதிலிருந்து கிடைக்கும் இறைச்சியே 500 பவுண்டு அளவுக்கு வரும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அங்கே குற்றம். இறைச்சி முழுவதும் வெளியே வந்த பிறகோ கடைசிச் சுமையோடோதான் கொம்பு வரலாம். இதையெல்லாம் முதல் தடவையே தனியாகச் சமாளிக்க நினைப்பவரை நான் தடுப்பேன். மானை உரித்துப் பழகிய கையாக இருந்தாலும் மூஸ் என்பது வேறு வேலை. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 24,000 மொத்தச் செலவு இல்லை. வெளிமாநில வேட்டை உரிமம் 160 டாலர், மூஸ் டேக் (சுட்ட விலங்கில் மாட்டும் அனுமதி அட்டை) 800, இவை மாநில அரசின் கட்டணம். மற்றவை என் உத்தேசம்: போகவர டிக்கெட்டும் கூடுதல் லக்கேஜும் 1,400, டிப்ஸ் 2,400 (வேட்டைக் கட்டணத்தில் பத்து சதவீதம் என்பது அந்தத் தொழிலில் எதிர்பார்க்கப்படுகிற தொகை, ரொக்கமாகக் கொண்டுபோங்கள்), காப்பீடு 1,700, உடை, பூட்ஸ், பயிற்சித் தோட்டாக்கள் 2,200, இறைச்சி வெட்டிப் பொதிவது, கொம்பைப் பதப்படுத்தி ஊருக்கு அனுப்புவது 3,000. கூட்டினால் 11,660. மொத்தம் 35,660 டாலர்.

இப்போது உங்கள் திட்டத்தை இதில் வைத்துப் பாருங்கள். 12,000 டாலர் 401கே கடனை எட்டரை சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால், மாதம் சுமார் 245 டாலர் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். உங்கள் 900 அன்றைக்கே 655 ஆகிவிடும். 16 மாதத்தில் 10,480, கையில் இருக்கும் 6,000-ஐச் சேர்த்தால் 16,480. முன்பணம் போக வேண்டியது 23,660. துண்டு விழும் 7,180 டாலர் கிரெடிட் கார்டில்தான் போய் உட்காரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேலை போனால் வரும். நீங்களே வேலையை விட்டாலோ நிறுவனம் அனுப்பினாலோ, பாக்கிக் கடனை அந்த வருட வருமான வரித் தாக்கல் கெடுவுக்குள் வேறு ஓய்வூதியக் கணக்கில் ஈடுகட்ட வேண்டும். முடியாவிட்டால் அது நீங்கள் எடுத்துக்கொண்ட பணமாகக் கருதப்படும். பாக்கி 9,000 என்றும் உங்கள் வரி 22 சதவீதம் என்றும் வைத்தால் வரி 1,980, வயது குறைவு என்பதால் பத்து சதவீத அபராதம் 900. வேலையும் இல்லாத நேரத்தில் 2,880 டாலர். வேட்டை முன்பணமோ திரும்பாது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

மாதம் 900 வீதம் சேமித்தால், கையில் இருப்பதையும் சேர்த்து 33 மாதத்தில் 35,660 வந்துவிடும். ஆக, அவர் சொன்ன செப்டம்பரை விட்டு, அதற்கும் இரண்டு வருடம் தள்ளிய செப்டம்பருக்குப் பேசுங்கள். நல்ல வழிகாட்டிகளுக்கு முன்கூட்டியே பதிவாவது வழக்கம், அவர் ஆச்சரியப்படமாட்டார். முன்பணத்தை 24,000-க்குப் பாதி என்றில்லாமல் இரண்டு மூன்று தவணையாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

சேமிப்பைப் பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தேதி தெரிந்த செலவு இது. முன்பணத் தவணைக்கான தொகை ஹை யீல்டு (அதிக வட்டி தரும்) சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதியை 26 வாரம், 52 வார ட்ரெஷரி பில்களில் (அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) போடலாம், 100 டாலரிலிருந்தே வாங்கலாம், அதன் வட்டிக்கு மாநில வருமான வரி கிடையாது. டேக்கைக் கடைசியில் வாங்கினால் போதும். மூஸ் டேக்கை அதற்குச் சமமான அல்லது குறைந்த கட்டண விலங்குக்கும் பயன்படுத்தலாம். அந்தப் பகுதியில் காரிபூ (பனிப்பிரதேச மான்) சீசனும் திறந்திருந்தால், மூஸ் கிடைக்காத பட்சத்தில் அதே 800 டாலர் டேக் 650 டாலர் காரிபூ டேக்கின் வேலையைச் செய்யும். வெறுங்கையோடு திரும்பினாலும் கட்டணம் திரும்பாது, அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

காப்பீட்டில் ஒரு விஷயம் மட்டும் நேரம் தவறக் கூடாது. 'எந்தக் காரணத்துக்காகவும் ரத்து' என்ற கூடுதல் வசதியைப் பெரும்பாலும் முதல் பணம் கட்டிய 14 முதல் 21 நாளுக்குள் வாங்கியாக வேண்டும். கட்டணத்தில் 50 முதல் 75 சதவீதம்தான் திரும்பும், ஆனாலும் இந்த அளவு தொகைக்கு நான் வாங்குவேன். சில பாலிசிகள் வேட்டையையோ அட்டவணை இல்லாத சிறு விமானத்தையோ விலக்கி வைக்கும். விலக்குகள் பகுதியை வாங்குவதற்கு முன்பே படியுங்கள். காட்டிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கி வரும் செலவு எந்த வரம்பு வரை என்பதையும் பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன், ஒப்பந்தம் போடுபவர் அலாஸ்காவின் பதிவு பெற்ற வழிகாட்டியா என்று மாநில உரிமப் பட்டியலில் தேடுங்கள். உதவி வழிகாட்டி உங்களோடு காட்டுக்கு வரலாம், ஒப்பந்தம் போட முடியாது. ஒரு வழிகாட்டி அதிகபட்சம் மூன்று வழிகாட்டுப் பகுதிகளில்தான் பதிவு செய்ய முடியும், உங்கள் வேட்டை எந்தப் பகுதி என்பது எழுத்தில் இருக்கட்டும். கூட்டாட்சி வனவிலங்குக் காப்பகம் என்றால் அதற்குத் தனி அனுமதியும் அவரிடம் வேண்டும். இன்னொன்று: அங்கே சிறு விமானத்தில் பறந்த நாளில் பெரிய விலங்கைச் சுடக் கூடாது, மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குப் பிறகுதான். அந்தப் 'பத்து நாள்' போய் இறங்கும் நாளையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். ஒரு நாளின் விலை 2,400 டாலர்.

வானிலை கெட்டால் விமானம் இரண்டு மூன்று நாள் வராமல் போகலாம். தேதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள், அலுவலகத்தில் கூடுதலாகச் சில நாள் விடுப்பு சொல்லி வையுங்கள். காத்திருக்கும் இரவுகளுக்கு ஓட்டல் வாடகை இல்லாததால் மச்சான் வீடு உங்களுக்கு நிஜமான சேமிப்பு. இறைச்சியில் ஒரு பங்கை அவர் ஃப்ரீசரில் விட்டுவந்தால் அனுப்பும் செலவும் குறையும். வேட்டை இறைச்சியைப் பிறருக்குக் கொடுப்பதற்குக் கைமாற்றப் படிவம் ஒன்று இருக்கிறது, அதில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். காட்டில் பல்வலி வந்தால் திண்டாட்டம், கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு பல் மருத்துவரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மனைவியிடம் இதுவரை 24,000 என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வழிகாட்டிக்குப் பதில் எழுதும் முன் அவரிடம் 35,660 என்று சொல்லிவிடுங்கள்.