மழையிலும் நிலைக்கும் மவுண்டன் பைக் தடம் போட எங்கிருந்து கற்றுக்கொள்வது?

கேள்வி: மலைச்சரிவில் சைக்கிள் தடம் ஒன்றை, மண் அரித்துப் போகாமல் பல வருடம் நிற்கும்படி திட்டமிட்டு வெட்டக் கற்றுக்கொள்ள ஆசை. சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். மண்வேலை தெரியாது. எங்கே ஆரம்பிக்கலாம்?

நல்ல மழை பிடித்திருக்கும்போது, ஏற்கனவே இருக்கும் ஒரு தடத்தில் சைக்கிள் இல்லாமல் நடந்து போங்கள். தன்னார்வலர் குழுக்களோடு தடம் பராமரிக்கும் வேலையில் நான் நெடுநாளாக இருக்கிறேன். புதிதாக வருகிற யாருக்கும் முதலில் நான் சொல்வது இதைத்தான். டயர் மண்ணைக் கிளறிவிடும், உண்மைதான். ஆனால் கிளறிய மண்ணை அள்ளிக்கொண்டு போவது தண்ணீர். தண்ணீர் எங்கே நுழைகிறது, எவ்வளவு தூரம் தடத்தோடு ஓடுகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் பாதி வடிவமைப்பு கைக்கு வந்துவிடும்.

மழையில் ஒரு சருகை எடுத்துத் தடத்தில் ஓடும் நீரில் விடுங்கள். சற்றுத் தூரத்திலேயே அது பக்கவாட்டில் நழுவிச் சரிவின் கீழ்ப்பக்கம் விழுந்துவிட்டால் அந்த இடம் நலமாக இருக்கிறது. தடத்தோடேயே பயணம் செய்து, போகப் போக வேகமும் எடுத்தால், அடுத்த சில மழைகளில் அங்கே வாய்க்கால்தான் இருக்கும். காரணம் தேடிக் குனிந்து பார்த்தால், பல சமயம் தடத்தின் வெளி ஓரத்தில் விரற்கடை உயரத்துக்கு ஒரு சின்ன வரப்பு தெரியும். டயர்கள் நடுவில் அழுத்தி அழுத்தி, ஒதுங்கிய மண் அங்கே சேர்ந்திருக்கும். அந்த வரப்பு போதும், தண்ணீரை வெளியே விடாமல் அடைத்து வைக்க. அதை மண்வெட்டியால் தட்டிச் சமப்படுத்துவதுதான் தடப் பராமரிப்பிலேயே அதிகமாகச் செய்யும் வேலை.

சரி, இனி கணக்கு. சரிவைச் சதவீதத்தில் சொல்வது இந்தத் தொழிலின் வழக்கம். கிடையாக 10 மீட்டர் போகையில் 1 மீட்டர் ஏறினால் 10 சதவீதம். 45 டிகிரி என்பது 100 சதவீதம். தடம் போடுகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்யும் விதி, தடத்தின் சரிவு மலையின் பக்கச் சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது. மலை 16 சதவீதம் சரிந்தால் தடம் 8 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. தாண்டினால் நீருக்குத் தடத்தைக் குறுக்கே கடப்பதைவிடத் தடத்தோடு ஓடுவதே சுலபமாகிவிடும். இதோடு, பொதுவாக முழுத் தடத்தின் சராசரிச் சரிவு 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது இன்னொரு வரம்பு. மலை மிகச் செங்குத்தாக இருக்கும் இடத்தில் பாதி விதி மட்டும் பார்த்தால் தடமும் செங்குத்தாகிவிடும் என்பதால்தான் இந்த இரண்டாவது வரம்பு.

இதில் பலர் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. தடம் போட மிகக் கஷ்டமான இடம் செங்குத்தான மலை அல்ல, கிட்டத்தட்டச் சமதரையாக இருக்கும் நிலம். வெட்டுவது சுலபமாக இருக்கும். ஆனால் தடம் சற்றே பள்ளமானாலும் நீர் வெளியேற வழியில்லை, தேங்கிவிடும். வருகிறவர்கள் சேற்றைச் சுற்றிப் போய்ப் போய்த் தடத்தை இரண்டு மடங்கு அகலமாக்கிவிடுவார்கள். அதனால் மலையின் இடுப்புப் பகுதியில், சம உயரக் கோடுகளை ஒட்டி மெல்ல ஏறி இறங்கிப் போகும் பாதையைத் தேடுங்கள். உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு நேர்கோட்டில் இறங்கும் பாதை எவ்வளவு ஆசை காட்டினாலும் விட்டுவிடுங்கள்.

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி எதிர்ச்சரிவு. இறங்கிக்கொண்டே வரும் தடம் ஓரிடத்தில் சில மீட்டருக்கு உண்மையாகவே ஏறி, மறுபடி இறங்கும். அந்தத் தாழ்வில் வந்து சேரும் நீர் மேலேற முடியாமல் வெளிப்பக்கம் வழிந்துவிடும். 6 முதல் 15 மீட்டருக்கு ஒன்று வைப்பது வழக்கம். மண் இளக்கமாகவும் சரிவு அதிகமாகவும் இருந்தால் இன்னும் நெருக்கமாக வேண்டும். நடப்பவர் கண்ணுக்கு இது வடிகால். சைக்கிள்காரருக்கோ, உடம்பை அழுத்தி எழுப்பி மிதிக்காமலே வேகம் எடுக்கிற அலை. நீர் வெளியேறும் வழியும் ஓட்டுகிற சுகமும் ஒரே மேடு பள்ளத்தில் அமைந்துவிடுகின்றன. மரக்கட்டையைக் குறுக்கே பதித்து நீரைத் திருப்பும் பழைய முறையில் இது கிடைக்காது. கட்டைக்குப் பின்னால் வண்டல் நிரம்பி நீர் அதன் மேலேயே ஓடும், ஓட்டுகிறவர்களும் கட்டையைச் சுற்றிப் புதுவழி போட்டுவிடுவார்கள்.

அளக்கக் கிளினோமீட்டர் என்ற கையடக்கச் சரிவுமானி வேண்டும். இருவராகப் போங்கள். சமதரையில் எதிரெதிரே நின்று, உங்கள் கண்மட்டம் கூட்டாளியின் உடம்பில் எங்கே வருகிறது, மூக்கிலா தோளிலா, என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் சரிவில் அவரை முன்னே நிறுத்தி அந்த இடத்தைக் குறிபார்த்தால் சதவீதம் தெரிந்துவிடும். மேலும் கீழும் நடந்து, போக விரும்பும் இடங்களையும் (பாறை, காட்சி தெரியும் முனை) விலக வேண்டிய இடங்களையும் (ஊற்று, சதுப்பு, பறவை கூடு கட்டும் புதர்) குறித்துக்கொண்டு, அவற்றை இணைத்துச் சிறு கொடிகளை நட்டுக்கொண்டே வாருங்கள். நட்ட பிறகு இரண்டு திசையிலும் நடந்து பார்த்து, கொடிகளைப் பிடுங்கி மறுபடி நடுங்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். கொடியை நகர்த்த ஒரு நொடி போதும், வெட்டிய தடத்தை நகர்த்த ஒரு குழுவே வேண்டும்.

வெட்டும்போது முழு அகலத்தையும் மலையின் கெட்டி மண்ணிலேயே வெட்டி எடுங்கள். உள்பக்கம் பாதி வெட்டி, அந்த மண்ணையே வெளிப்பக்கம் கொட்டிப் பாதித் தடமாக்கினால் வேலை குறையும், ஆனால் கொட்டிய பாதி நாளடைவில் சரிந்துவிடும். மேலே கிடக்கும் இலைமக்கை முழுதும் வாரிவிட்டு அடியில் உள்ள மண் தெரியும் வரை போக வேண்டும். மக்கு மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சேறாகும். வெட்டியெடுத்த மண்ணைத் தட ஓரத்தில் குவிக்காமல் கீழ்ச்சரிவில் தூர வீசிப் பரப்புங்கள். தடத்தின் மேல்பரப்பு வெளிப்பக்கமாக 5 சதவீதம் போலச் சாய்ந்திருக்கட்டும். இதைச் சோதிக்க ஒரு அழகான வழி உண்டு. மெக்லியாட் என்ற கருவியில் ஒரு பக்கம் வாரி, மறுபக்கம் அகல வெட்டி. அதைத் தட்டைத் தலையில் நிற்க வைத்தால் பிடி தடப் பரப்புக்குச் செங்கோணமாக நிற்கும். பிடி சற்றே கீழ்ச்சரிவுப் பக்கம் சாய்ந்தால் சாய்வு சரி, மலைப்பக்கம் சாய்ந்தால் இன்னும் வேலை இருக்கிறது. வேர் நிறைந்த மண்ணுக்குப் புலாஸ்கி, ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் கொத்து. 1910ஆம் ஆண்டு அமெரிக்கக் காட்டுத்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போய்ப் பெரும்பாலோரைக் காப்பாற்றிய வன அலுவலர் எட் புலாஸ்கியின் பெயர் அது.

மண்ணைக் கையால் படியுங்கள். ஈரமண்ணை உருட்டிக் கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளிப் பார்த்தால், நீளமாக வருவது களிமண், உருண்டையே பிடிக்காதது மணல். களியும் மணலும் கலந்த மண் அழுத்தினால் நன்றாக இறுகும். வெறும் மணலிலும் ஈரக் களியிலும் சரிவைக் குறைக்க வேண்டும், தவிர்க்க முடியாத துண்டுகளில் கல் பதிக்க வேண்டும்.

சைக்கிள்காரரின் மனத்தையும் வடிவமைப்பில் சேருங்கள். நீண்ட வேகமான இறக்கத்தின் முடிவில் திடீரென்று ஒரு முடுக்கு வளைவை வைத்தால் எல்லாரும் அதற்கு முன் பிரேக்கை இறுக்குவார்கள், அங்கே வரிசையாகக் குழி விழும். “பிரேக் பிடிக்காதீர்கள்” என்று பலகை வைப்பதில் பயனில்லை. வளைவுக்கு முன் ஒரு சின்ன ஏற்றம் வைத்தால் வேகம் தானாகக் குறையும். கொண்டை ஊசி வளைவில் மேல்தடமும் கீழ்த்தடமும் ஒன்றுக்கொன்று தெரிந்தால் யாராவது குறுக்கே இறங்கத்தான் செய்வார்கள். நடுவே மரமோ பாறையோ இருக்கும் இடமாகப் பார்த்து வளைவை வையுங்கள். யாருக்காகத் தடம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். தடம் எவ்வளவு கடினம் என்பதைக் குறிக்கப் பொதுவாகப் பின்பற்றப்படும் தர அளவில் பச்சை வட்டம் (எளிது) சுமார் 90 செ.மீ. அகலமும் சராசரி 5 சதவீதத்துக்குள் சரிவும், நீலச் சதுரம் (நடுத்தரம்) 60 செ.மீ., 10 சதவீதம், கறுப்பு வைரம் (கடினம்) 30 செ.மீ., 15 சதவீதம்.

நிலத்துக்குப் பொறுப்பானவரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு கொடிகூட நடாதீர்கள். திருட்டுத்தனமாக வெட்டிய ஒரு தடத்தால் ஒரு காடே சைக்கிள்காரர்களுக்கு மூடப்படலாம். அது மற்ற எல்லாருக்கும் செய்கிற துரோகம்.

முறையாகப் படிக்க வழி உண்டு. 1988இல் தொடங்கிய சர்வதேச மவுண்டன் பைசைக்ளிங் சங்கம், இம்பா, மேலே சொன்ன விதிகளைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தது. அதன் வழிகாட்டிகளிலிருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் நார்த்வெஸ்ட் ஆர்கன்சா சமுதாயக் கல்லூரி தடத் தொழில்நுட்பத்தையே படிப்பாக நடத்துகிறது. ஆனால் அதற்கு முன், பக்கத்தில் தடம் பராமரிக்கும் குழு எது இருந்தாலும் அதில் சேருங்கள். புதுத்தடம் வெட்டும் நாளுக்குக் காத்திருக்காமல் பராமரிப்பு நாளுக்குப் பெயர் கொடுங்கள். வரப்பு தட்டுவது, அடைத்த தாழ்வைத் திறப்பது, வாய்க்காலான ஒரு சிறு துண்டை மூடிவிட்டு மாற்றுவழி போடுவது என்று படிப்படியாகப் போகலாம். மாற்றுவழிக்கான கொடிகளை நீங்களே நட்டுவிட்டு, குழுவின் மூத்தவரைக் கூட்டிப்போய் ஒவ்வொரு கொடியையும் ஏன் அங்கே நட்டீர்கள் என்று விளக்குங்கள்.