கன்றின் தொப்புளில் புழு: பினாயில் ஊற்றியும் போகவில்லையே?

கேள்வி: மாதவரத்தில் மூன்று மாடு வைத்திருக்கிறேன். பிறந்து ஆறு நாளான கன்றின் தொப்புள் வீங்கி, நாற்றத்துடன் ரத்தநீர் வடிகிறது. உள்ளே புழு நெளிகிறது. பினாயில் ஊற்றினேன், மறுநாள் பார்த்தால் மறுபடியும் புழு. மெக்சிகோவில் மாட்டுப் புண்ணில் புழு வைக்கும் ஈ பரவுவதாகச் செய்தியில் சொன்னார்களே, அதுவா இது?

பதில்: அது அமெரிக்கக் கண்டத்து ஈ, நம் ஊரில் கிடையாது. நம்மிடம் இருப்பது அதன் பங்காளி, கிரைசோமியா பெசியானா என்ற ஈ. இரண்டின் புழுவும் செய்யும் வேலை ஒன்றுதான்: அழுகிய சதையை விட்டுவிட்டு உயிருள்ள சதையைத் தின்னும்.

பினாயில் ஏன் பலிக்கவில்லை என்றால், இந்தப் புழுக்கள் தலையை உள்ளே புதைத்து, வால் மட்டும் வெளியே தெரிய நெருக்கமாக நிற்கும். சீண்டினால் இன்னும் ஆழமாகப் போகும். மேலே இருப்பவை செத்தாலும் அடியில் இருப்பவை தப்பிவிடும். பினாயில் புண்ணையும் பொசுக்கிவிடும். பெட்ரோல், பூச்சிமருந்துக் குருணை எதுவும் வேண்டாம்.

புண்ணைச் சுற்றி முடியைக் கத்தரியுங்கள். டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியைப் புண்வாயில் கால் மணி நேரம் வைத்தால் மூச்சுக்காகப் புழுக்கள் மேலே வரும். கையுறை போட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். தொப்புள் என்பதால் இடுக்கியை ஆழமாக விடாதீர்கள், உள்ளே வயிறு இருக்கிறது. பிறகு போவிடோன் அயோடின் போட்டு, ஓரத்தில் வேப்பெண்ணெய் தடவுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் திறந்து பாருங்கள். ஒரே தடவையில் முடிந்ததாக நினைப்பவர்கள்தான் இங்கே அதிகம்.

எடுத்த புழுவைத் தரையில் போடக் கூடாது, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். கொதிக்கும் நீரில் போட்டுக் கொல்லுங்கள்.

கன்று பால் குடிக்காமல் சோர்ந்திருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள், அல்லது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசி தேவையா என்பதை மருத்துவரே எடை பார்த்து முடிவு செய்யட்டும். கறவை மாட்டுக்கு அதை நீங்களாகப் போட்டுவிடாதீர்கள், பாலில் மருந்து வரும்.

அடுத்த கன்று பிறந்ததும் தொப்புள்கொடியை அயோடினில் நனைத்துவிடுங்கள். ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும், அதனால் கொடி காய்ந்து விழும்வரை காலை, மாலை இருவேளையும் பாருங்கள். அப்புறம், உண்ணி கடித்த இடம், நாய்க்கடி, கொம்பு சுட்ட புண், ஈன்ற மாட்டின் பின்புறம் எல்லாமே இந்த ஈக்கு வாசல்தான்.