சோறில்லாத இரவுக்கு ஒரு கோழிப் பிரட்டல்

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எனக்குச் சீனி வருத்தம். இரவில் சோறு, இடியப்பத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டொக்டர். வேலை முடிந்து வந்து அவசரமாகக் கோழியும் மரக்கறியும் வதக்கினால் தாச்சி முழுக்கத் தண்ணீர், இறைச்சியோ ரப்பர். கடை டெவல் ருசி வேண்டும், மாப்பொருளும் கூடக்கூடாது. வழி உண்டா?”

உண்டு. முதலில் அந்தத் தண்ணீரைப் பார்ப்போம். சூடு பட்டால் இறைச்சியும் மரக்கறியும் நீர் விடத்தான் செய்யும். கடை அடுப்பின் நெருப்பில் அது உடனே ஆவியாகிவிடும். வீட்டுக் காஸ் அடுப்பில் அரைக் கிலோவை ஒரேயடியாகக் கொட்டினால் தாச்சி குளிர்ந்து, இறைச்சி தன் தண்ணீரிலேயே அவிகிறது. பிறகு எந்த சோஸ் ஊற்றியும் பயனில்லை.

ஆகவே ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் போடாதீர்கள். நெஞ்சு இறைச்சியை விடத் தொடை இறைச்சி நல்லது. கொஞ்சம் கூட வெந்தாலும் வறளாது. நாருக்குக் குறுக்காக மெல்லிசாக வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். அரைகுறையாக உறைந்திருக்கும்போது வெட்டுவது சுலபம். மாட்டிறைச்சி என்றால் 300 கிராமுக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா பிசறி, 15 நிமிடம் வைத்துக் கழுவித் துடையுங்கள்; மெதுமையாக வரும்.

தாச்சி நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் விட்டு இறைச்சியைப் பரப்புங்கள். ஒரு நிமிடம் கரண்டி போடக்கூடாது. பலருக்கும் கை சும்மா இருக்காது, ஆனால் அந்தச் சிவந்த நிறத்தில்தான் ருசி இருக்கிறது. பிறகு பிரட்டி, உள்ளே இளஞ்சிவப்பு மறையும்வரை வேகவிட்டு, வெளியே எடுத்துவிடுங்கள். அதே தாச்சியில் உள்ளி, இஞ்சி, அடுத்து போஞ்சி, கறிமிளகாய், கோவா, கடைசியில் கங்குங். உப்பு இறுதியில்தான், முந்திப் போட்டால் மரக்கறி நீர் விடும். இறைச்சியைத் திரும்பச் சேர்த்து ஒரு பிரட்டு.

இனி மாப்பொருள். கோழியில் அது இல்லையென்றே சொல்லலாம். டெவலில் அதைக் கூட்டுவது தக்காளி சோஸ், சீனி, சோள மா ஆகிய மூன்றும்தான். ஒரு மேசைக்கரண்டி சோள மாவில் ஏறத்தாழ 7 கிராம், அதே அளவு தக்காளி சோஸில் 4, 5 கிராம். கடைக்காரர் ஒரு கரண்டியோடு நிறுத்துவதும் இல்லை. பதிலுக்கு ஒரு பழுத்த தக்காளி, கொஞ்சம் சோயா சோஸ், இடித்த செத்தல் மிளகாய், மிளகு, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி. கடை டெவலின் மினுமினுப்பு வராது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பிரஷர் உள்ளவர்கள் சோயா சோஸ் சேர்த்தால் உப்பைத் தனியாகப் போட வேண்டாம்.

மரக்கறியில் லீக்ஸை மட்டும் அளவாகப் போடுங்கள். இலைதானே என்று அள்ளிப் போடுகிறோம். 100 கிராமில் 14 கிராம் அளவு மாப்பொருள், அதே எடைச் சோற்றில் இருப்பதில் பாதி. கோவாவில் 6 கிராம்தான். கரட் நிறத்துக்குக் கொஞ்சம் போதும்.

இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற குளிசையோ எடுப்பவராயின், சோற்றை எவ்வளவு குறைக்கிறீர்கள் என்பதை டொக்டரிடம் சொல்லி மருந்தளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து அப்படியே இருக்கச் சோறு மட்டும் குறைந்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

இறைச்சி இல்லாத நாளில் கணவாயும் இதே முறைக்குச் சரிவரும். மரக்கறியை முதலில் முடித்து எடுத்துவிட்டு, கடும் சூட்டில் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும்.