ஞாயிறு ஆராதனையும் ஹோம்ஸ்டே புக்கிங்கும்

ஸ்தோத்திரம் சகோதரரே. கொடைக்கானலில் ஹோம்ஸ்டே தொடங்கியதிலிருந்து ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியவில்லை, ஜெபிக்கும்போதும் கை போனைத் தேடுகிறது, இதுவும் விக்கிரகமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடன் கட்ட, பிள்ளைகளைப் படிக்க வைக்க உழைப்பதில் தவறே கிடையாது. ஆனால் வேதாகமத்தில், கொலோசெயர் 3:5-இல் அப்போஸ்தலன் பவுல் பொருளாசையையே விக்கிரகாராதனை என்கிறார். அந்த வசனத்தில் சிலையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு மோசமான ரேட்டிங் வந்தால் இரவெல்லாம் தூக்கம் போகிறது, ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தைத் தவறவிட்டது மட்டும் உறுத்தவில்லை என்றால் யோசிக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் இருந்தது. குன்னூரில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தேன். ஏப்ரல், மே சீசன் முழுக்க ஆலயப் படியே மிதிக்கவில்லை.

அப்புறம், ஞாயிறு காலை 8 முதல் 11 மணி வரை வீட்டில் யாரும் இருக்க மாட்டோம் என்று புக்கிங்கின்போதே சொல்ல ஆரம்பித்தேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். சிலர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். வலித்தது. எதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று அந்த வலியில்தான் தெரிந்தது.

முதலில் வீட்டில் மனைவியிடம் பேசுங்கள். வரும் ஞாயிறு ஒன்றுக்கு மட்டும் புக்கிங் எடுக்காமல் இருந்து பாருங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.