நெட்வீவர் ஓட்டை: பேட்சுக்குப் பிறகு என்ன? (கேள்வி பதில்)

சிவிஇ-2025-31324 (ஒரு பாதுகாப்பு ஓட்டைக்குத் தரப்பட்ட பொது அடையாள எண்) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நிறுவனங்களின் கணக்கு, சம்பளம் போன்றவற்றை நடத்தும் எஸ்ஏபி மென்பொருளுக்கு அடித்தளம் நெட்வீவர். அதன் ஜாவா சர்வரின் விஷுவல் கம்போசர் (நிரல் எழுதாமல் திரைகள் வடிவமைக்கும் கருவி) பகுதியில், லாகின் இல்லாமலே எவரும் ஒரு ஃபைலை ஏற்றி ஓடவிடலாம் என்பதுதான் ஓட்டை. தீவிரம் 10க்கு 10. அவசரத் திருத்தம் 2025 ஏப்ரல் 24 அன்று வந்தது. எஸ்ஏபி தன் திருத்தங்களை எண்ணிட்ட அறிவிப்புகளாக வெளியிடும், அவற்றை நோட் என்போம். நான் பேசிஸ் ஆள், அதாவது எஸ்ஏபி சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. எஸ்ஏபி தாண்டிய கேள்விகளுக்குச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும்.

வசந்தி: எங்களிடம் இருப்பது எஸ்/4ஹானா. எங்களுக்கும் இது உண்டா?

எஸ்ஏபியின் முக்கிய வணிக மென்பொருளான எஸ்/4ஹானா ஓடுவது ஜாவா மேல் அல்ல, அபாப் என்ற வேறு தளத்தின் மேல், அதனால் அதில் இந்த ஓட்டை இல்லை. ஆனால் பக்கத்தில் எஸ்ஏபியின் போர்ட்டலோ பிராசஸ் ஆர்கெஸ்ட்ரேஷனோ சொல்யூஷன் மேனேஜரோ இருந்தால் அங்கே ஜாவா இருக்கும். விஷுவல் கம்போசர் தானாக நிறுவப்படுவதில்லை, ஆனாலும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜாவா சர்வரின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில், காம்பொனன்ட் பட்டியலில் விசிஃப்ரேம்வொர்க் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "நாங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். பயன்படுத்தாவிட்டாலும் அது ஓடும்.

முகிலன்: ஏப்ரல் கடைசியிலேயே நோட் 3594142 போட்டுவிட்டோம் சார். முடிந்த மாதிரிதானே?

இல்லை முகிலன். முதலில், அதோடு சேர்ந்த இன்னொரு ஓட்டை சிவிஇ-2025-42999. அதற்கான நோட் 3604119 மே 13 அன்றுதான் வந்தது. முதல் நோட்டைப் போட்டவர்களும் இதைப் போட்டாக வேண்டும்.

அடுத்தது தேதிக் கணக்கு. இந்த ஓட்டையைத் துழாவிய தடயம் 2025 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. மார்ச்சில் தாக்குதலே நடந்திருக்கிறது. திருத்தம் வந்ததோ ஏப்ரல் கடைசியில். இடைப்பட்ட வாரங்களில் உங்கள் சர்வர் இணையத்தில் தெரிந்திருந்தால், நீங்கள் பேட்ச் போடும்போதே ஒருவர் உள்ளே இருந்திருக்கலாம். வாசல் பூட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் திருடன் வெளியே போய்விட மாட்டான்.

ஐஆர்ஜே (எஸ்ஏபி போர்ட்டல்) அப்ளிகேஷனின் ரூட், வொர்க், சின்க் ஃபோல்டர்களில் ஜேஎஸ்பி, ஜாவா, கிளாஸ் ஃபைல்கள் புதிதாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஹெல்பர், கேஷ் என்ற பெயர்கள் அதிகம் தென்பட்டன. அர்த்தமில்லாத எழுத்துகளில் பெயர் வைத்தவையும் உண்டு. அப்புறம் எச்டிடிபி அக்சஸ் லாகில், டெவலப்மென்ட்சர்வர் என்ற பாதையின் கீழ் மெட்டாடேட்டாஅப்லோடருக்கு (ஓட்டை இருக்கும், ஃபைல் ஏற்றும் பகுதி) வந்த போஸ்ட் (சர்வருக்குத் தரவு அனுப்பும்) கோரிக்கைகளைத் தேடுங்கள். அவற்றுக்கு 200 (வெற்றி) என்று பதில் போயிருந்தால் உங்கள் வேலை இப்போதுதான் தொடங்குகிறது.

ஃபைல் எதுவும் சிக்கவில்லை என்பதால் நிம்மதி அடையாதீர்கள். வெப்ஷெல் (தொலைவிலிருந்து சர்வரில் கமாண்ட் ஓட்ட விடும் ஃபைல்) வைக்காமலே கமாண்ட் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள்.

இளங்கோ: ரூட் ஃபோல்டரில் ஒரு ஜேஎஸ்பி இருந்தது. அழித்துவிட்டுப் பேட்சும் போட்டோம். டிக்கெட்டை மூடச் சொல்கிறார் மேனேஜர்.

மூடாதீர்கள். அந்த ஜேஎஸ்பிதான் வெப்ஷெல். அது ஓடியது எஸ்ஐடி-ஏடிஎம் என்ற ஓஎஸ் பயனராக. சர்வரில் எஸ்ஏபி எதையெல்லாம் தொடுமோ அதையெல்லாம் அந்தப் பயனர் தொடலாம். டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கும் செக்யூர் ஸ்டோர் ஃபைலும் அதைத் திறக்கும் சாவி ஃபைலும் அதே சர்வரில்தான் இருக்கின்றன. ஆர்எஃப்சி (எஸ்ஏபி சர்வர்கள் ஒன்றையொன்று அழைக்கும் முறை) இணைப்புகள் வழியாக அபாப் பக்கமும் போக முடியும். அப்ளிகேஷன் சர்வரைப் புதிதாக நிறுவுங்கள், கடவுச்சொற்களையும் சான்றிதழ்களையும் மாற்றுங்கள்.

ஜெரால்ட்: இது மிகை. நாங்கள் லாகைப் பார்த்தோம், ஷெல் வழியாக இரண்டு மூன்று கமாண்டுதான் ஓடியிருக்கிறது, எல்லாம் சாதாரணம். இதற்காகப் போர்ட்டலை நாள்கணக்கில் நிறுத்துவதா?

ஜெரால்ட், நீங்கள் பார்த்தது கெட் கோரிக்கைகளை மட்டும். அவற்றில்தான் கமாண்ட் முகவரியிலேயே தெரியும். அதே ஷெல்லுக்குப் போஸ்ட்டில் அனுப்பினால் அக்சஸ் லாகில் ஒரு வரி வரும், உள்ளடக்கம் வராது. அதைவிட முக்கியமான ஒன்று: அந்த லாக் ஃபைலை எழுதுவதும் எஸ்ஐடி-ஏடிஎம்தான். நுழைந்தவன் கையில் இருப்பதும் அதே பயனர். தனக்குப் பிடிக்காத வரியை அவன் அழித்திருக்க மாட்டான் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

ஜெரால்ட்: அப்படிப் பார்த்தால் எந்த லாகையும் நம்ப முடியாதே.

அந்தச் சர்வருக்குள் இருக்கும் லாகைத் தனியாக நம்ப முடியாது, ஆமாம். ஃபயர்வால், ரிவர்ஸ் பிராக்ஸி (கோரிக்கைகளை முன்னால் நின்று வாங்கித் தரும் சர்வர்), தனியாக லாக் சேகரிக்கும் சர்வர் இவற்றில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

ஃபாத்திமா: ஜெரால்ட் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆதாரம் இல்லாமல் நிர்வாகத்திடம் டவுன்டைம் கேட்க முடியாது.

சரிதான். எல்லாரும் மறுநிறுவல் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. முயற்சி நடந்து 404 (அந்தப் பக்கம் இல்லை) என்று திரும்பியிருந்தால் பேட்சும் கண்காணிப்பும் போதும். இளங்கோவிடம் அப்லோட் வெற்றிகரமாக நடந்து ஃபைலே உட்கார்ந்திருந்தது. அதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேண்டும்? ஆதாரம் வேண்டும் என்பவர்கள் கண்ட ஃபைலை உடனே அழிக்காதீர்கள். முதலில் டிஸ்க்கையும் மெமரியையும் நகல் எடுங்கள், அப்புறம் கை வையுங்கள்.

கயல்: பேட்ச் போட்டாச்சு, போதுமா?

முகிலனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ரவி: எங்கள் சர்வர் இணையத்தில் இல்லை, விபிஎன் உள்ளேதான். அவசரம் இல்லைதானே?

அவசரம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். நெட்வொர்க்கில் ஏதோ ஒரு லேப்டாப் பிடிபட்டால் அங்கிருந்து இந்தச் சர்வருக்கு லாகின் கூடத் தேவையில்லை.

தேவி: ஆரக்கிள் இ-பிசினஸ் சூட்டில் சிவிஇ-2025-61882?

அது வேறு நிறுவனத்தின் மென்பொருளில் உள்ள வேறு ஓட்டை, என் துறை இல்லை. 2025 அக்டோபர் திருத்தத்துக்கு 2023 அக்டோபர் கிரிட்டிகல் பேட்ச் அப்டேட் (ஆரக்கிளின் காலாண்டுத் திருத்தத் தொகுப்பு) முன்தேவை என்பதை மட்டும் கவனியுங்கள். மீதிக்கு ஆரக்கிளின் அறிவிப்பைப் பாருங்கள்.

நாசர்: மாதக் கடைசி, டவுன்டைம் தர மாட்டேன் என்கிறார்கள். பேட்ச் போடாமல் சமாளிக்கலாமா?

தற்காலிகமாக. நோட் 3593336ஐ எடுத்து, அந்த மெட்டாடேட்டா அப்லோட் அப்ளிகேஷனையே நீக்கிவிடுங்கள். கூடவே பிராக்ஸியில் அந்தப் பாதையை அடைத்துவிடுங்கள். அதற்கு முன் ஃபோல்டரையும் லாகையும் பாருங்கள்.

செல்வம்: பேட்ச் போட்டுவிட்டோம். வேறு ஏதாவது?

செல்வம், இதே கேள்விக்கு மேலே இரண்டு முறை பதில் இருக்கிறது. பேட்ச் போட்ட தேதியை விடுங்கள், அதற்கு முந்தைய லாகைப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு வாருங்கள்.

இளங்கோ: மேனேஜர் ஒத்துக்கொண்டார். இன்றைக்கு எதில் தொடங்குவது? ஜேஎஸ்பியை ஏற்கெனவே அழித்துவிட்டோமே.

நல்லது. சர்வரை நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிடுங்கள், ஆனால் ஆஃப் செய்யாதீர்கள். மெமரியில் இருப்பது போய்விடும். மெமரி, டிஸ்க் நகல் எடுங்கள். பழைய பேக்அப்பில் அந்த ஜேஎஸ்பி கிடைக்கலாம், அது எந்தத் தேதியில் முதலில் வருகிறது என்று பார்த்தால் எப்போது நுழைந்தார்கள் என்பது ஓரளவு தெரியும். அந்தத் தேதிக்குப் பிந்தைய பேக்அப்பிலிருந்து அப்ளிகேஷன் ஃபைல்களை எடுத்துப் போடாதீர்கள். ஆர்எஃப்சி பயனர்களின் கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடலாம், அதற்கு டவுன்டைம் அதிகம் கேட்காது. சட்டப் பிரிவுக்கும் இன்றைக்கே தகவல் சொல்லுங்கள். ஊழியர், வாடிக்கையாளர் தரவு போயிருந்தால் அறிவிக்கும் கெடு அவர்கள் தலையில்தான் விழும்.